மூக்குப் பாறை

செங்கல்பட்டிலிருந்து கிளம்பும்போது தாண்டவராயனுக்குப் பயம் இல்லை. எரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை, விடியாத பொழுதில், எழுபத்து நாலு வயசுக்காரனை உலுக்கி எழுப்பி, காலில் புது ஷூவை மாட்டி, வேனில் ஏற்றி வைப்பதற்குப் பெயர் பாசமாம். ஜன்னலோரம் அவர். பக்கத்தில் மகள் வளர்மதி, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், டியூட்டி முடிந்த கண்ணோடு. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை கருணாகரன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஞாயிறானால் பாறை ஏறுகிறவர். பின்சீட்டில் சுருள் சுருளாகக் கயிறு, அதன்மேல் தலை வைத்துத் தூங்குகிற ஷெரின் என்ற பெண். பாறை ஏறுகிற குழுவுக்கு அவள்தான் தலைவியாம். கம்ப்யூட்டர் வேலை. அஞ்சு நாள் நாற்காலியில் உட்கார்ந்த பாவத்துக்கு ரெண்டு நாள் பாறையில் தொங்குகிறார்கள் போல. “நாப்பது வருஷம் பாறையிலயே கெடந்தவரு, பாறையப் பாக்க வாங்கன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறீங்களேப்பா,” என்றாள் வளர்மதி. அவர் பாறையைப் பார்க்கப் போனதே இல்லை. உடைக்கப் போனார். குவாரியில் வேட்டு வைக்கிற மேஸ்திரி. பார்க்க அதில் என்ன இருக்கிறது? வெடிப்பு எங்கே ஓடுகிறது, எங்கே குழி போட்டால் எந்தப் பக்கம் சாயும். அவ்வளவுதான். மீதி எல்லாம் கல். “எந்த ஊரு?” என்று கேட்டார். “செஞ்சிப் பக்கம் மாமா,” என்று கருணாகரன் திரும்பாமலே சொன்னார். செஞ்சிப் பக்கம் என்றால் நூறு குன்று இருக்கும். நூறில் ஒன்று. மனசு அதற்குமேல் போகவில்லை. நாக்கு மட்டும் போனது, கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைசிக்கு, பல் இல்லாத அந்தப் பள்ளத்துக்கு. அங்கே ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக ஒன்றும் இல்லை. இருந்தும் நாக்கு போய்ப் போய்ப் பார்க்கிறது.

திண்டிவனத்தில் வேன் மேற்கே திரும்பியபோது விடிந்துவிட்டது. கொஞ்ச தூரம் கரும்பு, கொஞ்ச தூரம் சவுக்கு. பிறகு தரை நிறம் மாறிக் கல் முளைக்க ஆரம்பித்தது. முதலில் வயலுக்கு நடுவே ஒன்று, குந்தியிருக்கிற எருமை மாதிரி. அப்புறம் நாலு. அப்புறம் வயல்தான் நடுநடுவே தெரிந்தது. இந்தப் பக்கத்து மலைகளில் மண் கிடையாது. கூடையோடு கொட்டிவிட்டுப் போனது போல உருண்டை உருண்டையாகப் பாறை. வீட்டளவு, லாரியளவு, ஒன்றின்மேல் ஒன்று, ஒரு விரலால் தள்ளினால் உருளும் போல. ஷெரின் எழுந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். “எப்டி அங்கிள் இதெல்லாம் விழாம நிக்குது?” “விழும்,” என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு தடவை பார்த்திருக்கிறார். பகல் பன்னிரண்டு மணி, காற்று இல்லை, மழை இல்லை, எவனும் தொடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்க்குன்றில் ஒரு உருண்டை, காலம் காலமாக நின்றது, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் மாதிரி மெதுவாகப் புரண்டு கீழே வந்தது. வந்த சத்தம்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது. பாறைக்கு அவசரம் கிடையாது. அவசரம் எல்லாம் மனுஷனுக்கு. தீவனூரில் டீக்கு நிறுத்தினார்கள். கண்ணாடி கிளாஸ் சுட்டது. கருணாகரன் பக்கத்தில் வந்து நின்று, “இன்னிக்குப் போற எடம் நீங்க பாத்தே இருக்க மாட்டீங்க மாமா. சின்னக் குன்றுதான். ஒரு பக்கம் கத்தியால சீவுன மாதிரி நேர் சுவரு. அதுல ஒரே ஒரு எடத்துல மட்டும் பாறை மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. மெட்ராஸ்லருந்தெல்லாம் போட்டோ எடுக்க வர்றாங்க. மூக்குப் பாறைன்னே பேரு வெச்சாச்சு,” என்றார். “குன்றுக்குப் பேரு?” “ஊருல சேவக்குன்றுன்னு சொல்வாங்க. உச்சியில ஒரு கல்லு சேவக்கொண்டை மாதிரி இருக்கும்.” டீ தொண்டையில் நின்றது. இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. “இன்னாப்பா, ரொம்ப சூடா?” என்று வளர்மதி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார்.

சேவக்குன்று. அப்படியானால் அந்த நேர் சுவர் அவர் சீவியது. வேன் கிளம்பிவிட்டது. சொல்லலாம். இப்போதே சொல்லலாம். என்ன சொல்வது? எண்பத்தாறில் அங்கே குவாரி இருந்தது, நான்தான் வேட்டு மேஸ்திரி. அது சொல்லக்கூடியதுதான். அதோடு நிற்குமா? மாப்பிள்ளை வாத்தியார், அடுத்த கேள்வி கேட்பார். அந்த மூக்கு எப்படி வந்தது மாமா என்பார். ஒரு வரிசைக் குழியில் எல்லாம் வெடித்துக் கல் விழுந்து, ஒரே இடத்தில் மட்டும் விழாமல் நிற்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம். வேட்டு வைக்கிற எவனும் ரோட்டில் போகும்போதே பார்த்துச் சொல்லிவிடுவான். அங்கே இருந்த குழி வெடிக்கவில்லை. வெடிமருந்து உள்ளேயே இருக்கிறது. இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. கல் கெட்டியாக இருந்தால் வெடித்தும் நிற்கும். நின்றிருக்கிறது, வேறு இடங்களில் அவரே பார்த்திருக்கிறார். எங்கே? எங்கேயோ. அன்றைக்குப் பன்னிரண்டு குழி. திரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொன்றாக வெடிக்கிற மாதிரி. எண்ணுவதற்குத்தான் அப்படி. பற்றவைத்துவிட்டு ஓடிப்போய் மறைப்புக்குப் பின்னால் குந்துவார்கள், அவரும் கூட்டாளி எட்டியப்பனும். ரெண்டு பேர் கையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு கூழாங்கல். ஒரு வேட்டுக்கு ஒரு கல்லைக் கீழே போட வேண்டும். ஒருத்தன் கையை ஒருத்தன் பார்க்கக் கூடாது. கடைசியில் ரெண்டு பேர் கையும் காலியாக இருந்தால் எழுந்திருக்கலாம். ஒரு கையில் ஒரு கல் மிஞ்சினாலும் உட்காரணும். அரைமணி. அப்புறம் சிவப்புத் துணி கட்டி, ஆளைக் காவல் வைத்து, மறுநாள் பக்கத்தில் வேறு குழி போட்டு அதை எடுக்கணும். இதெல்லாம் அவர் கற்றுக்கொண்டதில்லை, பார்த்துப் பார்த்துக் கையில் ஊறியது. அன்றைக்குப் பல்வலி. நாலு நாளாக. தாடை வீங்கி ஒரு பக்கக் கண்ணே பாதி மூடிக்கிடந்தது. நெஞ்சு அடிப்பதற்குச் சரியாகப் பல் அடித்தது. செஞ்சியில் பல் டாக்டர் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார், அஞ்சு நாற்பதுக்கு பஸ். வேட்டு ஒன்று, பல் ஒன்று. வேட்டு ஒன்று, பல் ஒன்று. எதிர்க்குன்று ஒவ்வொரு வேட்டையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அஞ்சேகாலுக்குச் சத்தம் ஓய்ந்தது. அவர் கை காலி. எட்டியப்பன் கையை விரித்தான். ஒரு கல்.

“பதினொண்ணுதாண்ணே ஆச்சு.” “பன்னெண்டுடா. என் கையப் பாரு.” “நடுவுல ஒண்ணு எதிர்க்குன்றுல பட்டுத் திரும்புன சத்தம்ணே. அத நீ எண்ணிட்ட.” “ரெண்டு ஒண்ணா வெடிச்சுது, அத நீ வுட்டுட்ட. மூடினு எழுந்திரு.” “உக்காருவம்ணே. அரைமணிதான.” அவன் உள்ளங்கையில் இருந்த கல்லைப் பிடுங்கி முட்செடிக்குள் வீசி எறிந்தது இவர் கை. வீசியது ஞாபகம் இருக்கிறது. எட்டியப்பன் கையை மூடவில்லை. கல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், வெறும் உள்ளங்கையை. இவர் புகை அடங்குவதற்கு முன்னால், திரும்பிக்கூடப் பார்க்காமல், பஸ்ஸுக்கு ஓடினார். பார்த்திருந்தால் மூக்கு தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று. ராத்திரி பெண்சாதி பச்சையம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள், குடிக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்க்கலாம் என்று படுத்தார். மறுநாள் கோர்ட்டிலிருந்து தடை வந்துவிட்டது. வேட்டு அதிர்ந்து ஏரிக்கரை விரிசல் விடுகிறது என்று ஊர்க்காரர்கள் போட்ட கேசு. யாரும் குன்றுப் பக்கம் போகக் கூடாது. போலீஸ் நின்றது. குழி போடுகிற கம்ப்ரசரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தப்பித்தேன் என்றுதான் தோன்றியது. ஆமாம், அப்படித்தான். யாரும் போகாத இடத்தில் ஒரு குழி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. எட்டியப்பன் ஆந்திராப் பக்கம் வேலைக்குப் போனான், அங்கேயே செத்தும் போனான் என்று யாரோ சொன்னார்கள். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் போன பிறகு கணக்கு பன்னிரண்டுதான்.

செஞ்சிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வலது பக்கம் ஒரு ரோடு பிரியும். திரும்பாமல் நேராகப் போனால் வேறு சேவக்குன்று. ஒரே பெயரில் ரெண்டு குன்று இருக்கக் கூடாதா? வேன் திரும்பியது. சரி, இந்த ரோட்டில் பத்து ஊர் இருக்கிறது. ஏரி வந்தது. கரையை ஒட்டி இடது பக்கம் மண்ரோடு. இடது பக்கம் போகாதே. போகாதே என்று டிரைவரின் பிடரியைப் பார்த்துச் சொன்னார், வாய்க்குள். பிடரி குனிந்தது, கை ஒடித்தது, வேன் இடது பக்கம் இறங்கிக் குலுங்கியது. ஏரியில் தண்ணீர் இல்லை, நடுவில் ஒரே ஒரு மாடு, அது மேயவும் இல்லை, நின்றுகொண்டிருந்தது. ஷெரின் எதற்கோ கைதட்டினாள். வளர்மதி அவர் கையைத் தொட்டுப் பார்த்து, “சில்லுன்னு இருக்குதேப்பா, சுகர் மாத்திரை போட்டீங்களா?” என்றாள். போட்டேன் என்றார். இப்போது சொல்லலாம். இன்னும் ஒன்றும் ஆகவில்லையே. பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, புளிசாதம் தின்றுவிட்டுப் போகட்டும். பார்ப்பதால் எதுவும் வெடிக்காது. வளைவு திரும்பியதும் குன்று தெரிந்தது. ரோட்டிலிருந்தே தெரிந்தது. காலை வெயில் நேராக விழுந்த வெள்ளைச் சுவர், அதன் நடுவே கொஞ்சம் வடக்கே தள்ளி, மேலிருந்து கீழ்வரை, உடையாமல் நிற்கிற கல். மூக்கு என்று வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். ரெண்டு பக்கமும் சீவிவிட்ட முகத்தில் அது மட்டும் நிமிர்ந்து நின்றது. வடக்கேயிருந்து எண்ணினால் நாலாவது குழி. நாலாவது. அவருக்கு எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

புங்கமரத்தடியில் அவருக்குப் பாய் விரித்தார்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், தொப்பி. சின்னப் பிள்ளையை உட்கார வைக்கிற மாதிரி. கருணாகரன் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டே சுவரைக் காட்டினார். “அந்தக் கோடுங்க தெரியுதா மாமா? மேலருந்து கீழ வரைக்கும், பைப்பை நெடுக்க பொளந்து வெச்ச மாதிரி. அந்தக் காலத்துல மழைத்தண்ணி வழிய வெட்டியிருப்பாங்கன்னு நெனைக்கிறன். சாமியாருங்க இருந்திருக்கலாம்.” “சாமியாரு கல்லுல குழி போடற ஜாக்கி மிஷின் வெச்சிருந்தானா?” “என்னாது மாமா?” “ஒண்ணுமில்ல.” “மொத்தம் பதினொண்ணு. எண்ணிப் பாத்தாச்சு,” என்றார் கணக்கு வாத்தியார். பதினொன்று. குழி வெடித்தால் பாதிக்குழல் சுவரில் தடமாக நிற்கும். பதினொரு தடம். முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒருத்தன் எண்ணிச் சொல்கிறான், சிரித்துக்கொண்டு, சாமியார் என்று சொல்லிக்கொண்டு. எட்டியப்பன் குரல் அப்படியே அதே எண்ணைச் சொன்னது. தாண்டவராயன் வாயைத் திறந்தார். “மாப்ள, நீங்க எதுல ஏறுவீங்க?” “மூக்குலதான். அதுக்குத்தான வர்றோம். நாங்க ஓட்டை எதும் போட மாட்டம் மாமா, பாறைக்குச் சேதம் பண்ண மாட்டம். பின்பக்கமா நடந்து மேல போயி, கயிறக் கட்டி கீழ வுடுவம். அதப் புடிச்சி ஏறுறதுதான்.” ஓட்டை போட மாட்டார்கள். கயிறு கட்டுவார்கள், ஏறுவார்கள், இறங்குவார்கள். கயிற்றால் என்ன ஆகும்? எறும்பு ஊர்கிற மாதிரிதான். அவரவர் எடை எழுபது கிலோ, பாறைக்கு அது ஈ உட்கார்ந்த கணக்கு. முப்பத்தெட்டு ஐப்பசி மழை இறங்கியிருக்கும், மருந்து ஊறிக் கரைந்து செத்திருக்கும். செத்திருக்கும். கருணாகரனும் வளர்மதியும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போனார்கள். வளர்மதிகூடவா ஏறப்போகிறாள்? நாற்பத்து நாலு வயசில். போகட்டும். அவள் நடை பச்சையம்மா நடை, குதிகாலை அழுத்தி. மருந்து செத்துத்தான் இருக்கும். ஆனால் ஒரு தடவை வேறு குவாரியில் பழைய மருந்தறையைத் திறந்தார்கள், எட்டு வருஷம் பூட்டிக்கிடந்தது. உள்ளே மருந்துத் தோட்டாக்கள் வேர்த்திருந்தன. எண்ணெய் மாதிரி, துளித் துளியாக, மனுஷன் நெற்றி வேர்க்கிற மாதிரி. பார்க்க வந்த ஆபீசர் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார், முதுகைக் காட்டாமல், ராஜாவுக்கு முன்னாலிருந்து போகிறவன் மாதிரி. அது செத்தது இல்லை. கிழடு தட்டினது. கிழடு தட்டினால் சின்னதுக்கெல்லாம் எரிச்சல் வரும். தொட்டால் போதும். அவருக்கே தெரியும், அவரே அப்படித்தான் இருக்கிறார். வெயில் ஏறியது. சுவர் வெள்ளையாக எரிந்தது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. தண்ணீர் குடித்தார். நாக்கு பள்ளத்துக்குப் போனது, வந்தது, போனது.

அப்போதுதான் கேட்டது. ணங். கொஞ்சம் பொறுத்து, எதிர்க்குன்றிலிருந்து, ணங். இரும்பு. பாறையில் இரும்பு பட்டால் ஒரு சத்தம், மண்ணில் பட்டால் ஒரு சத்தம். இது ரெண்டும் கலந்தது. இறுகிப்போன மண்ணில் கம்பி இறங்குகிற சத்தம். “ஏம்மா,” என்றார். கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்ற ஷெரின் திரும்பினாள். “மேல இன்னா பண்றாங்க?” “கயிறு கட்ட அங்கிள். மேல ஒரு அத்தி மரம் இருந்துச்சு, எப்பவும் அதுல கட்டுவோம். இந்த வெயில்ல பட்டுப்போச்சு. கருணா சார்தான் போன வாரம் கண்டுபிடிச்சாரு, மூக்கு உச்சியிலயே ரெடிமேடா ஒரு ஓட்டை இருக்கு, அழகா வட்டமா. செம்மண்ணு அடைச்சிருக்கு. அதத் தோண்டிட்டுக் கம்பியை எறக்கிட்டா சூப்பர் ஆங்கர்.” அவளுக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. செம்மண். ஏரிக்கரைச் செம்மண், கல் பொறுக்கிச் சலித்து, தண்ணீர் தெளித்து, உருண்டை பிடித்து, குழிக்குள் போட்டு மரக்கழியால் இடித்தது இந்தக் கை. மரக்கழியால். இரும்பைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவனை அவர் அடித்தே இருக்கிறார். ணங். எதிர்க்குன்று, ணங். வெடித்த குழியில் மண் இருக்காது. மண் இருந்தால் மருந்து இருக்கிறது. “கயிற வுட்டுடு,” என்றார். “என்ன அங்கிள்?” “கயிற இழுக்காத. மொள்ள கீழ வெச்சிட்டு அந்த ரோட்டுக்குப் போ. ஓடாத. போ.” அவர் முகத்தில் என்ன பார்த்தாளோ, வைத்துவிட்டாள். கத்தலாமா? கத்தினால் மேலே கேட்குமா? கேட்டால் என்ன என்று எட்டிப்பார்ப்பார்கள், கம்பி கையிலிருந்து நழுவும், சுத்தியல் விழும். கத்தக் கூடாது. பின்பக்கம் சரிவு, முட்டி எலும்பு ஒன்றோடு ஒன்று தேய்கிறது, புது ஷூ வழுக்குகிறது, ஷூவைக் கழற்றி எறிந்தார். பாறை சுட்டது. நாலு காலில் ஏறினார். ணங். இது எத்தனாவது? எண்ணாதே. எண்ணினது போதும். எத்தனை அடி மண் இடித்தோம் அன்றைக்கு? ரெண்டு அடியா, ரெண்டரையா? அவசரத்தில் ஒன்றரைதானா? பல் வலிக்கிறது என்று நாலாவது குழியின் கடைசி இடிப்பை எட்டியப்பனிடம் விட்டோமே, அவன் ஒழுங்காக இடித்திருப்பான், அவன் எப்போதும் ஒழுங்கு, ரெண்டரைதான் இருக்கும். ணங். எட்டியப்பா, நீ ரெண்டரை இடித்திருக்கணும்டா. பிள்ளை மேலே இருக்குதுடா. மூச்சு நெஞ்சில் முள் மாதிரி நின்றது. டீக்கடை. டீக்கடையில் ஒரு வார்த்தை. செஞ்சி ரோட்டில் ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் ஒரு வார்த்தை. புங்கமரத்தடியில் ஒரு வார்த்தை. மனுஷன் வாயில் அத்தனை வார்த்தை இருந்து என்ன.

மேலே தட்டையான பாறை. கருணாகரன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார், சுத்தியல் தலைக்கு மேலே. வளர்மதி எதிரே குந்தி, கம்பி ஆடாமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தோண்டி எடுத்த செம்மண் ஒரு கைப்பிடி, பொடிப்பொடியாக. கம்பி முக்கால்வாசி இறங்கியிருந்தது. கயிறு கம்பியில் கட்டி விளிம்புக்கு அந்தப் பக்கம் தொங்கியது. “வாங்க மாமா!” கருணாகரன் சிரித்தார். “நீங்களும் ஏற வந்துட்டீங்களா? சொல்லியிருந்தா பட்டை கட்டியிருப்பனே.” “மாப்ள,” என்றார் தாண்டவராயன். குரல் மெதுவாகத்தான் வந்தது. “சுத்தியல அடிக்காத. கீழ போடாத. கையிலயே வெச்சிக்க. எழுந்து இந்தப் பக்கம் வா.” மாப்பிள்ளையை ஒருமையில் அவர் கூப்பிட்டதே இல்லை. கருணாகரன் சிரிப்பு பாதியில் நின்றது. “ஒரு அடிதான் மாமா, முடிஞ்சிரும்.” “அடிச்சா எல்லாமே முடிஞ்சிரும். அது வேட்டுக் குழி. உள்ள மருந்து இருக்குது. வளரு, கையை எடு. இழுக்காத, சாய்க்காத. வெறும் விரலத் திற.” வளர்மதி அப்பாவைப் பார்த்தாள். எந்த ரத்தத்தைக் கண்டும் முகம் மாறாத பெண். விரலைத் திறந்தாள். கம்பி நின்றது. அவள் எழுந்திருக்கும்போது சுடிதார் நுனி கம்பியை உரசியது. அந்த ஒரு கணத்தில் அவருக்கு உலகத்தில் வேறு சத்தமே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேரும் வந்த வழியே இறங்கினார்கள். கருணாகரன் சுத்தியலைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேனுக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான் கருணாகரன் சுத்தியலைக் கீழே வைத்தார். டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். “உங்களுக்கு எப்டி மாமா தெரியும்?” என்றார். “வெச்சது நான்.” “வெடிக்கலன்னு?” “கூட இருந்தவன் சொன்னான். நான் கேக்கல.” “ஏன் கேக்கல?” பல் என்று சொல்ல வாய் வரவில்லை. “எனக்கு அவசரம்,” என்றார். ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆறு மாதமாக அந்த மூக்கில் முப்பது பேராவது ஏறியிருப்பார்கள் என்று அவளாகவே சொன்னாள், யாரும் கேட்காமல். வளர்மதி அவருடைய பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் கொப்புளித்து ஒரு இடத்தில் ரத்தம். வழக்கமாக இருந்தால் பஞ்சும் மருந்தும் வந்திருக்கும். அவள் குனியவில்லை. “டீக்கடையில பேரு சொன்னாரே,” என்றாள். “அப்பவே தெரியுமில்ல உங்களுக்கு?” அவர் குன்றைப் பார்த்தார். “அதான் டீ உள்ள போகல,” என்று அவளே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் பேசுகிற குரல். அதுதான் தாங்கவில்லை. “மேல நான் கம்பியப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தன்ப்பா.” “தெரியும்.” “தெரியுமில்ல,” என்றாள். அவ்வளவுதான். போனை எடுத்து நூறுக்கு அடித்தாள். குன்று, ஊர், வழி எல்லாம் தெளிவாகச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் கேஸ் சொல்கிற மாதிரி. பிறகு, “வெச்சவரு இங்கயே இருக்காரு. அவரையே கேளுங்க,” என்று போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. உச்சியில் காற்று கிளம்பியிருந்தது. தொங்குகிற கயிறு ஆட ஆட, கம்பி பாறையில் தட்டுவது இங்கேவரை கேட்டது. ணிக். நிறுத்தி, ணிக். கருணாகரன் காதைப் பொத்திக்கொண்டார். தாண்டவராயன் போனை வாங்கினார்.

“பேரு சொல்லுங்க பெரியவரே,” என்றது போனில் ஒரு சின்ன வயசுக் குரல். சொன்னார். “எத்தன குழி வெச்சீங்க?” “பன்னெண்டு.” “எத்தன வெடிச்சுது?” ணிக். வளர்மதி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினொண்ணு,” என்றார்.

“மீதி ஒண்ணு வெடிக்கலன்னு எப்பத் தெரிஞ்சிது? டைம் சொல்லுங்க.”

“அஞ்சேகால் மணிக்கு.”

“இன்னிக்குக் காலையிலயா?”

“இல்ல,” என்றார் தாண்டவராயன். மேலே காற்று வலுத்தது. “சாயந்திரம்.”

“இன்னும் மத்தியானமே ஆகலையே பெரியவரே. எந்தச் சாயந்திரம்?”